செடி வளர்த்தபடியே பெரியவர்களுக்கு உடற்பயிற்சி: யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். 65 வயதைத் தாண்டிய சிலரைச் சேர்த்து, காலையில் பூங்காவில் களை எடுப்பது, நாற்று நடுவது, தண்ணீர் ஊற்றுவது என்று தொடங்கலாமென இருக்கிறேன். ‘உடற்பயிற்சிக்கு வாங்க’ என்றால் முட்டிவலியைச் சொல்லி நழுவுபவர்கள், ‘செடி வாடுது’ என்றால் வந்துவிடுகிறார்கள்!

இந்த வயதினருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், கீழே விழாமலிருக்க வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. முதலாவது தோட்டவேலையிலேயே ஓரளவு வந்துவிடும். இரண்டாவதுதான் இடிக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். வேலையோடு கலந்து செய்யக்கூடிய, ஆபத்தில்லாத அசைவுகள் தெரிந்தால் சொல்லுங்கள். குழுவில் பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தால் ரொம்ப நல்லது.

குனியாமல் குப்பை எடுக்கும் நீள இடுக்கி நிஜமாகவே உழைக்குமா? தரையில் உட்கார முடியாதவர்களுக்காக இடுப்பு உயரத்தில் பாத்தி அமைத்தவர்கள் உண்டா? மண் எவ்வளவு ஆழம் போட்டீர்கள்?

இன்னொன்று. பறவைகள் கூடு கட்டும் காலத்தில் புதர்களை வெட்டக் கூடாது. அந்த மாதங்களில் இவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? பறவைக் கணக்கெடுப்பு என்று நடக்கவிடலாமா? சும்மா உட்கார வைத்தால் மறுவாரம் ஒருவரும் வரமாட்டார்கள்.