மார்த்தாவைக் கொன்னதும் உருவகம்தானா? (ஸ்பாய்லர் இருக்கு)

கடைசிபெஞ்ச்:
நேத்து ராத்திரி யுராய் யாகுபிஸ்கோவோட 'பறவைகள், அநாதைகள், முட்டாள்கள்' பார்த்தேன், 1969 ஸ்லோவாக் படம். அப்பா அம்மாவைப் பறிகொடுத்த மூணு பேரு, யோரிக், ஆந்த்ரேய், மார்த்தா, இடிஞ்ச கட்டடத்துக்குள்ள பறவைங்களோட குடித்தனம், ஊரே கொலைகாரப் பயலுக கையில இருக்கு அதனால நாம பைத்தியமாவே இருந்துருவோம்னு ஒரே கூத்து. வாயைப் பொளந்துட்டுதான் பார்த்தேன், பொய் சொல்லல. அப்புறம் யோரிக் ஒரு வருஷம் ஜெயிலுக்குப் போயிட்டு வர்றான், மார்த்தா வயித்துல ஆந்த்ரேயோட குழந்தை, இவன் அவளைக் கொன்னுடுறான். இதைப் போய் கவிதைன்னு கொண்டாடுறாங்களேப்பா.

டான்யூப்_கரை:
எப்ப எடுத்ததுன்னு பாருங்க பாஸ். 1968 ஆகஸ்ட்ல சோவியத் டேங்க் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள வந்தாச்சு. படத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டினவங்க, 1989ல கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் சாவியைக் குடுத்தாங்க. யோரிக்ங்கிறதே ஹாம்லெட்ல மண்டையோடா மட்டும் வர்ற கோமாளியோட பேரு, அதாவது முதல் சீன்லயே அவன் செத்தவன். மார்த்தா அந்தத் தலைமுறைக்குக் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமப் போன சுதந்திரம். குடும்பச் சண்டையாப் பார்த்தா எரிச்சல்தான் வரும்.

கடைசிபெஞ்ச்:
அதென்னங்க நாடு, நதி, சுதந்திரம் எல்லாம் எப்பவும் பொம்பளையாவே இருக்கு? உருவகத்துக்கு வயித்துல குழந்தை இருக்காது. அவ யூதப் பொண்ணு வேற, ஏற்கனவே குடும்பத்தை இழந்தவ. அந்த வரலாற்றை வெச்சுக்கிட்டு அவளைச் சின்னமா மட்டும் பாருன்னா எப்படி?

பழைய_ப்ரொஜெக்டர்:
சண்டைக்கு நடுவுல வர்றேன், மன்னிச்சுக்கங்க. இகோர் லூதர் கேமரா பத்தி யாருமே பேசலையே! எவர்சில்வர் டம்ளர்ல மூஞ்சி பார்த்த மாதிரி முகமெல்லாம் பிதுங்கி நிக்கும். பின்னாடி மேற்கு ஜெர்மனிக்குப் போய் 'தகர முரசு' (1979) படத்துக்குக் கேமரா பண்ணவரு இவருதான். மார்த்தாவா நடிச்ச மக்தா வாஷார்யோவா 1990கள்ல ஆஸ்திரியாவுக்குத் தூதரா போனாங்க, 1999ல ஸ்லோவாக்கியா அதிபர் தேர்தல்லகூட நின்னாங்க. சரி, நீங்க நடத்துங்க.

டான்யூப்_கரை:
கடைசிபெஞ்ச், சின்னம்னு சொன்னது அவசரம்தான், அதை விட்டுடுறேன். ஆனா படம் யோரிக்கை மன்னிக்குதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். எதுவும் யாருக்கும் சொந்தமில்ல, எல்லாம் விளையாட்டுன்னு சத்தமாச் சொன்னது யாரு, இவன்தானே? ஆந்த்ரேய்கிட்ட அவளைப் பகிர்ந்துக்கிட்டப்ப சிரிச்சவன், திரும்பி வந்து பார்த்ததும் 'என்னோடது'ங்கிறான். அந்த நிமிஷம்தான் அவன் பெரியவனா ஆகுறான், எந்தப் பெரியவங்களைப் பார்த்துப் பைத்தியமா இருக்கலாம்னு முடிவு பண்ணானோ அதே மாதிரி. வயசுக்கு வர்றதைப் பத்தின படங்கள்ல இவ்ளோ கசப்பா ஒண்ணு நான் பார்த்ததில்ல.

கடைசிபெஞ்ச்:
இது நல்லாருக்கு, யோசிக்க வேண்டிய விஷயம். ஆனா முடிவைப் பாருங்க. அவனுக்குத் தீ, தூக்கு, டான்யூப் நதின்னு மூணு சாவு, கூடவே ஸ்டெஃபானிக் சிலை. 1919ல விமான விபத்துல செத்த ஸ்லோவாக் தலைவர், கம்யூனிஸ்ட் ஆட்சியில பேரே இருட்டடிப்பு பண்ணப்பட்டவரு. படம் வந்த அதே 1969 ஜனவரியிலதான் ப்ராக்ல யான் பாலாக்ங்கிற மாணவன் அந்த சோவியத் படையெடுப்பை எதிர்த்துத் தீக்குளிச்சான். அவ்ளோ பெரிய துக்கத்தையும் தூக்கி இந்தக் கொலைகாரன் தோள்ல வெச்சுட்டு, மார்த்தாவுக்கு என்ன மிச்சம்?

டான்யூப்_கரை:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றேன்.

கடைசிபெஞ்ச்:
நானும் பார்ப்பேன். அவன் ஜெயில்ல இருந்து வந்து கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுவேன், அவ்ளோதான்.