மதுரைக்கு ஓர் ஓவியக்கூடம்: அதன் சுவரில் முதலில் யார்?

வடக்குமாசி வீதியான்:

மதுரையில் ஓவியத்திற்கென்று நிலையான, பெரிய கூடம் ஒன்று அமைய வேண்டும் என்றும், அதில் மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பிறந்து வளர்ந்த ஓவியர்களுக்கே முதலிடம் தர வேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். ஊர்ப் பெருமை பேசத் தொடங்கினால் சங்கத்தையும், கோயிலையும், சித்திரைத் திருவிழாவையும், மல்லிகையையும் நாம் அடுக்கிக்கொண்டே போகிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் ஓவியரின் பெயர்கூட வருவதில்லை.

ரவிவர்மாவின் பெயரை அறியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அவருக்கு முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அந்த மாமனுக்கு ஓவியம் பயிற்றுவித்தவர், சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் திருவிதாங்கூரில் பெரும்புகழ் பெற்றிருந்த அழகிரி நாயுடு என்னும் மதுரைக்காரர். இந்தத் தொடர்பை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நம் காலத்திலேயே மனோகர் தேவதாஸ் இருந்தார். 1936-இல் மதுரையில் பிறந்து, சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். விழித்திரை நோயால் பார்வை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தபோதும், இந்த ஊரின் கோபுரங்களையும் தெருக்களையும் யானைமலையையும் பேனா மையினால் இழையிழையாக வரைந்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோரிப்பாளையத்துப் பிள்ளையான டிராட்ஸ்கி மருது கோட்டோவியத்திலும் திரைத்துறையிலும் தனக்கென ஒரு பாணியை உருவாக்கியவர். இவர்களுக்கு இந்த ஊர் முதல் சுவரைத் தராவிட்டால் வேறு எந்த ஊர் தரும்?

பரங்குன்றத்து வாசகி:

ஐயா, கூடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிறந்த ஊரை அளவுகோலாக வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். நீங்கள் காட்டிய சான்றுகளே உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கின்றன என்பதையும் மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன்.

அழகிரி நாயுடுவின் புகழ் திருவிதாங்கூரில்தானே வளர்ந்தது? 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் மதுரையில் ஓவியரை வைத்துக் காப்பாற்றும் அரசவை என்று ஒன்று இல்லை. ஆதரவு இருந்த இடத்தில்தான் அவர் கலை மதிக்கப்பட்டது, மாணவர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். அப்படியிருக்க, அவர் பெயரால் பெருமைப்பட மதுரையைவிடத் திருவனந்தபுரத்துக்கே உரிமை மிகுதி என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன விடை தருவோம்? மனோகர் தேவதாஸும் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் சென்னையில் கழித்தவரே.

மறுபக்கமும் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில் சிற்பங்களின் அழகைத் தமிழ் வாசகர் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓவியர் சில்பி. விகடனில் வந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிலைகளின் முன்னாலேயே அமர்ந்து வரைந்தவர் அவர். பிறந்த ஊரோ நாமக்கல். உங்கள் விதிப்படி அவர் இரண்டாம் வரிசைக்குப் போக வேண்டும். தூணில் நிற்கும் கல்லுருவத்தின் விரல் நகத்தைக்கூட விடாமல் பார்த்த ஒரு கண்ணை, பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாசலில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரின் ஆகச்சிறந்த ஓவியங்கள் கூடத்தில் மாட்டக்கூடியவையே அல்ல. பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில், இராணி மங்கம்மாள் அன்னை மீனாட்சியின் செங்கோலைப் பெறும் காட்சி இருக்கிறது. அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் விதானத்தில் இராமாயணம் கட்டம் கட்டமாக விரிகிறது. இவற்றை வரைந்தவர் யார், எந்த ஊரில் பிறந்தார் என்பது தெரியாது. நாயக்கர் கால ஓவியங்களின் கீழே தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதும் வழக்கம் இருந்ததை எண்ணினால், மண்ணின் மைந்தர் என்ற வரையறை அன்றைக்கே பொருந்தாது என்பது விளங்கும். இவற்றின் மேல் ஈரம் இறங்குகிறது, புகை படிகிறது, திருப்பணி என்ற பெயரில் பல கோயில்களில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. ஊர்ப்பற்று உள்ளவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

கோவில்பட்டி நேயர்:

எங்கள் ஊரைச் சேர்த்துச் சொல்கிறேன். நாட்காட்டி ஓவியங்களால் தென்னகத்துப் பூஜை அறைகளையெல்லாம் நிறைத்த கொண்டையராஜு, 1898-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியபடி ஊர் ஊராக வந்து, கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ்.சுப்பையா போன்ற மாணவர்கள் அவரிடம் உருவானார்கள். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள் இருந்தன. அவரை நாங்கள் வெளியூர்க்காரர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆகவே வாசகி அவர்கள் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வடக்குமாசி வீதியான்:

கோவில்பட்டி நண்பரே, நீங்கள் சொன்னதும் ஊர்ப் பெருமைதான். ‘எங்கள் கொண்டையராஜு’ என்று நீங்கள் உரிமை கொண்டாடுவதைப்போல ‘எங்கள் ஓவியர்’ என்று சொல்ல மதுரைக்கும் ஒரு வாய் வேண்டும் என்பதே என் கேள்வி. சில்பியை வாசலில் நிறுத்த நான் சொல்லவில்லை. ஆனால் சென்னை, கும்பகோணம் என்று அரசு கவின்கலைக் கல்லூரிகள் இரண்டும் வெளியூரில் இருக்க, ஓவியம் படிக்க விரும்பும் மதுரைப் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும்போதே இந்த ஊருக்கும் ஓவியத்துக்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தோடு புறப்படுகிறான். அவன் தெருவில் பிறந்த ஒருவரின் படம் இந்த ஊரில் மரியாதையாக மாட்டப்பட்டிருப்பதை அவன் பத்து வயதில் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் பிறந்த மேதையைப் பார்த்துக் கண் மகிழும். ஆனால் ‘நானும் ஆகலாம்’ என்ற துணிவு பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பிறக்கும்.

பெயர் தெரியாத ஓவியர்களைப் பற்றி வாசகி எழுதியது என்னை வருத்தியது. சித்தன்னவாசலில்கூட, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் குடைவரையைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரைக் கல்வெட்டு காத்து வைத்திருக்கிறது. தாமரைக் குளத்தை வரைந்த கையின் பெயர் அதில் இல்லை. புரந்தவரை எழுதி வரைந்தவரை விடும் இந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அதை நிறுத்தவே கூடம் கேட்கிறேன்.

செல்லூர் தூரிகை:

இருவரும் கல்லூரியில் படித்தவர்களையும் கோயிலில் வரைந்தவர்களையும் மட்டுமே பேசுகிறீர்கள். என் தந்தை சினிமா பேனர் எழுதியவர். தங்கம் தியேட்டரைப் போன்ற பெருங்கொட்டகைகள் இருந்த இந்த ஊரில், ஒரு படம் வெளியாகும் முன் வாரக்கணக்கில் இரவு பகலாக வேலை நடக்கும். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி, பொடி வண்ணத்தை ஆளி விதை எண்ணெயில் குழைத்து வரைவார்கள். எழுத்தும் பின்னணியும் உதவியாளர்களுடையவை. முகம் மட்டும் மூத்தவருடையது. கன்னத்தில் இளஞ்சிவப்பும் நிழலில் நீலமும் வைத்தால்தான் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு முகம் உயிரோடு தெரியும் என்பதை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

படம் ஓடி முடிந்ததும் அதே துணியின் மேல் வெள்ளை அடித்து அடுத்த முகத்தை எழுதுவார்கள். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து ஒரே இரவில் அச்சடித்துக் கொடுத்தபோது பட்டறைகள் மூடப்பட்டன. பலர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கப் போனார்கள். இந்த ஊர் தன் ஓவியர்களை மறந்தது என்று சொல்வதைவிட, அவர்களை ஓவியர்கள் என்றே எண்ணவில்லை என்பது பொருத்தம். கூடம் வந்தால் முதல் சுவரை அவர்களுக்குக் கேட்கிறேன். அவர்களில் சிலர் இராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் என்பதையும் வடக்குமாசி அண்ணன் கவனிக்க வேண்டும்.

பரங்குன்றத்து வாசகி:

செல்லூர் நண்பரின் பதிவு இந்த விவாதத்தில் நான் எண்ணாத பக்கத்தைத் திறந்தது. அந்தத் துணிகளில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், இன்னும் உயிரோடு இருக்கும் மூத்தவர்களைக் கொண்டு கூடத்திலேயே புதிதாக எழுதச் செய்யலாம். அதற்கு உரிய கூலியும் தரலாம். பிழைக்க வந்தவரும் மதுரைக்காரரே என்று வடக்குமாசி ஐயா ஏற்பாரானால் எங்களிடையே உள்ள இடைவெளி பாதியாகக் குறையும்.

வடக்குமாசி வீதியான்:

இங்கே வந்து உழைத்தவரை மதுரைக்காரராக ஏற்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பேனர் ஓவியர்களுக்கு முதல் சுவர் என்பதையும் வழிமொழிகிறேன். ஆனால் வந்து வரைந்துவிட்டுத் திரும்பியவரையும் இங்கேயே வாழ்ந்து தேய்ந்தவரையும் ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓவியர் பெயரோடு அவர் ஊரும் தெருவும் எழுதப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் விட மாட்டேன்.

பரங்குன்றத்து வாசகி:

ஊரும் தெருவும் எழுதட்டும். அதை நான் எதிர்க்கவில்லை. வரிசையை அவை தீர்மானிக்கக் கூடாது என்பதில் நானும் இறங்கி வர மாட்டேன். கூடத்திற்கென்று பணம் திரளுமானால், அதில் ஒரு பங்கு அழகர்கோயில் வசந்த மண்டப விதானத்தை முறையாகப் பயின்ற ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்களைக் கொண்டு பேணுவதற்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையையும் உங்கள் கோரிக்கை மனுவில் சேர்த்தால், என் கையெழுத்தைத் தருகிறேன்.