நம்ம குடும்பம் குரூப்

சித்தப்பா: இன்ஜினியர் வீட்டு டிசைன் அனுப்பிருக்காரு எல்லாரும் பாருங்க. முன்பக்கம் முழுக்க கண்ணாடி, மூணு ரூமுக்கும் ஏசி பாயிண்ட்

அத்தை: சூப்பரா இருக்குடா, பங்களாவேதான்

நான்: சித்தப்பா வாசல் மேற்கு பாத்துதானுங்களே? சாயங்கால வெயில் மொத்தமும் அந்தக் கண்ணாடி வழியா ஹால்ல இறங்குமே

சித்தப்பா: அதுக்குத்தானே கண்ணு ஏசி. மேல 3 கிலோவாட் சோலார் போட்டுட்டா பில்லும் நல்லா குறையும், கவர்மெண்ட்டே 78,000 மானியம் தருது

நான்: சோலார் கண்டிப்பா போடுங்க. ஆனா சூட்டை நாமளே உள்ள விட்டுட்டு அதை வெளிய தள்ள கரண்ட் எடுக்கறது எதுக்குங்க. இங்க ஐதராபாத்ல ஹைடெக் சிட்டி பக்கம் சிஐஐங்கற தொழில் கூட்டமைப்போட கோத்ரேஜ் கிரீன் பிசினஸ் சென்டர்னு ஒண்ணு இருக்கு, ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க, 2004ல அப்துல் கலாம் திறந்து வெச்சது, பசுமைக் கட்டடங்களுக்குத் தர்ற லீட் ரேட்டிங்ல உச்சமான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளிய வாங்குன மொத பில்டிங்கே அதுதான்

அண்ணன்: நம்ம பீரோ கோத்ரேஜா?

நான்: அவங்கதான். கோத்ரேஜ் அண்ட் பாய்ஸ் தலைமைல ரொம்ப வருஷம் இருந்த ஜம்ஷெட் கோத்ரேஜ்தான் இதை முன்ன நின்னு நடத்துனவரு, சென்டருக்கு அவங்க பெரியப்பா சோராப்ஜி பேரு. தொழிலதிபர்ங்க கிட்ட பசுமைக் கட்டடம் கட்டுங்கன்னு வெறும் வாயில சொல்லாம கவர்மெண்ட்டையும் சிஐஐயையும் சேத்துக்கிட்டு ஒண்ணைக் கட்டியே காட்டிட்டாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்

சித்தப்பா: அது பெரிய கம்பெனி பணம் கண்ணு, நமக்கு லோன்

நான்: அங்க இருக்கறதுல பாதி நம்ம ஊரு சங்கதிங்க சித்தப்பா. நடுவுல முற்றம், ஓட்டை வெச்ச ஜாலி சுவர், சாம்பல் செங்கல், மாடில பாதிக்கு மேல புல்லு. ரெண்டு காத்துக் கோபுரம் இருக்கு, வெளிக்காத்து அதுக்குள்ள இறங்கி ஈரச் சுவத்துல பட்டுக் குளுந்து அப்புறமாத்தான் ஏசிக்குப் போகுது, அதனால ஏசிக்கு வேலை கம்மி. பகல்ல முக்காவாசி இடத்துல லைட்டே வேண்டாம். கழிவுத்தண்ணியைக்கூட நாணல் வேர்ல சுத்தம் பண்ணி செடிக்கு விடறாங்க, ஒரு சொட்டு வெளிய போகாது

தாத்தா: பழைய வீட்ல தொட்டிக்கட்டு இருந்துச்சு. சித்திரைலயும் விசிறி எடுத்ததில்ல

சித்தி: நானும் இதைத்தான் சொன்னேன், எம்பேச்சை யாரு கேட்டா. அந்தக் கண்ணாடிக் காசுல ஜாலியும் மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸும் போட்டா ஆகாதா?

நான்: தாராளமா ஆகும் சித்தி. ஜன்னலுக்கு சன்ஷேடு ரெண்டடிக்குக் குறையாம விடச் சொல்லுங்க

சித்தப்பா: சரி நாளைக்கு இன்ஜினியர்கிட்ட பேசறேன். பேனல் எங்க வைக்கலாம்?

நான்: தெற்கு பாத்து. தண்ணி டேங்க் நிழல் விழக் கூடாது, ஒரு ஓரத்துல நிழல் பட்டாலும் கரண்ட் ரொம்பக் குறைஞ்சிடும்

அத்தை: டேங்க் கன்னி மூலைலதான் வரணும், அதை மாத்தக் கூடாது

நான்: அங்கயே இருக்கட்டும் அத்தை, சாயங்காலம் நிழல் பெரும்பாலும் வடகிழக்கால சாயும். பேனலை தென்கிழக்குப் பக்கம் தள்ளி ஸ்டாண்டை உசத்திக்கலாம். சித்தப்பா மாடி பிளான் மட்டும் அளவோட அனுப்புங்க