சிரிப்புப் பாட்டுக்காரர்: கச்சேரியா, வெறும் பேச்சா?

திருநகர் வாசி:
சனிக்கிழமை நம் மதுரை கே.கே.நகரில் ஒரு சின்ன அரங்கு. தானே எழுதி, கிட்டாரோடு பாடுகிற சென்னைக்காரர் ஒருவரின் நிகழ்ச்சி. டிக்கெட் 500 ரூபாய். வீட்டு ஓனரைப் பற்றி ஒரு பாட்டு, பெண் பார்க்கப் போன கதை ஒரு பாட்டு, நடுநடுவே பேச்சு, பேச்சு, பேச்சு. எல்லாப் பாட்டுக்கும் அதே நான்கு கிட்டார் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுகள். சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபோது ஒரு மெட்டுகூட மனதில் இல்லை. பாட்டு என்று சொல்லி ஜோக் விற்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆர்மோனியப்பெட்டி:
நான்கு கார்டு போதும் அண்ணே. சிரிப்புப் பாட்டில் மெட்டு முந்திக்கொண்டு வந்தால் சொல் காதில் விழாது. ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது திருவிழா மேடையில் போடும் இசை நாடகத்தில், பபூன் என்கிற கோமாளி வருவதைப் பார்த்திருப்பீர்களே? கதாநாயகனான ராஜபார்ட் வருவதற்கு முன்னால் கூட்டத்தைக் கட்டிப்போடுவது அவர் வேலை. இரண்டு வரி பாடுவார், நிறுத்துவார், ஆர்மோனியக்காரரிடம் வம்பு இழுப்பார், மிருதங்கத்தில் ஓர் அடி விழும், மறுபடி பாட்டு. அதிலும் பாதி பேச்சுதான்.
சனிக்கிழமை நானும் அங்கேதான் இருந்தேன். கூட்டம் சிரித்து முடிக்கும்வரை அந்தப் பையன் ஒரே கார்டைத் தட்டிக்கொண்டு நின்றதைக் கவனித்தீர்களா? அவசரப்பட்டிருந்தால் அடுத்த வரி சிரிப்பில் முங்கிப் போயிருக்கும். அந்த நிதானம் லேசில் வராது.

திருநகர் வாசி:
பபூனை இதில் இழுக்காதீர்கள் தம்பி. அவர் திருவிழாப் பொட்டலில் விடிய விடிய நடக்கிற நாடகத்தில் ஒரு பங்கு. இவர் அதை மட்டுமே தனியாக விற்கிறார்.

சிம்மக்கல்காரி:
எனக்கு வேறு குறை. மதுரை என்றதும் ஜிகர்தண்டா, மல்லிகைப்பூ, அருவா! இதே பாட்டைக் கோவையில் பாடும்போது ‘ஏனுங்க’ வரும், திருநெல்வேலியில் அல்வா வரும். ஊர்ப் பெயரை ஒட்டிக்கொள்ள இடம் விட்டு எழுதிய பாட்டு. அரங்குக்கு வெளியே டீக்கடையில் பத்து நிமிடம் நின்றிருந்தாலே நாலு நல்ல வரி கிடைத்திருக்கும். அப்புறம், பெண்ணின் நிறத்தைக் கிண்டல் செய்த வரிக்கு எங்கள் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆர்மோனியப்பெட்டி:
அருவா வரி மட்டம்தான் அக்கா, நிற வரி அதைவிட மட்டம். ஆனால் கிண்டல் பாட்டு என்றாலே இளப்பமாகப் பார்ப்பதுதான் எனக்கு ஆகவில்லை. நம் திருமங்கலம் நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. கேட்டால் பறவைப் பாட்டு, உள்ளே கொக்கு என்பது வெள்ளைக்காரன். இப்படிப் பாடியதற்காகவே விசுவநாததாஸ் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் போனது, அதே முருகன் வேஷத்தில்.

திருநகர் வாசி:
நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். கிண்டல் செய்யப்பட்ட வெள்ளைக்காரன் 1947-லேயே போய்விட்டான், பாட்டு இன்னும் நிற்கிறது. மெட்டு இருந்ததால்! சனிக்கிழமைப் பாட்டில் ஒன்றையாவது முனகிக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆர்மோனியப்பெட்டி:
ஓனர் பாட்டின் பல்லவி எனக்கு மனப்பாடம். நேற்று வாடகை கொடுக்கப் போன இடத்தில் வாயில் வந்துவிட்டது. அவர் டிவி சத்தத்தில் தப்பித்தேன்.

திருநகர் வாசி:
வாயில் வந்தது வரியா, மெட்டா?