1913 சீன உப்பு வரி கடன்: கொள்ளையா, நிர்வாகமா?

சோழன்72:
சீன ஜனாதிபதி யுவான் ஷிகாய் 1913 ஏப்ரல்ல பார்லிமென்ட்டை கேக்காமலே கையெழுத்து போட்ட கடன் இது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் பேங்குகள் சேந்து 25 மில்லியன் பவுண்ட், அடமானம் சீனாவோட உப்பு வரி. 100 பவுண்டுக்கு பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டு சீனா கையில குடுத்தது 84 தான், ஆனா வட்டி முழு 100க்கும் 5 சதவீதம். இந்த கடனால உப்பு வரி நிர்வாகம் சீராச்சு, அதனால நல்லது தான்னு எப்படிங்க சொல்றீங்க கணக்கன்?

கணக்கன்:
கடன் நிபந்தனை மோசம் தான், அதை யாரும் மறுக்கல. ஆனா அதுக்கு முன்னாடி உப்பு வரி இருந்த லட்சணத்தையும் பாருங்க சார். லைசென்ஸ் வச்சிருந்த நாலு வியாபாரி குடும்பம் ஒரு பக்கம், மாகாண அதிகாரிங்க ஒரு பக்கம், உப்பு போற வழியெல்லாம் லிகின்னு உள்நாட்டு சரக்கு வரி தனியா, எல்லாரும் எடுத்தது போக தலைநகர் பீக்கிங்குக்கு மிச்சம் மீதி தான் போகும். கடனோட சேந்து உப்பு இலாகாவுக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டேன், விளையுற இடத்துலயே ஒரே தடவை வரி, அப்புறம் யாரு வேணா எங்க வேணா விக்கலாம்னு கொண்டு வரப் பாத்தாரு. எல்லா இடத்துலயும் முடியல, ஆனா வருமானம் நல்லாவே ஏறுச்சு.

சோழன்72:
டேன் யாருங்க? இந்தியால வெள்ளைக்காரன் உப்பு வரி இலாகாவுக்கே தலைவரா இருந்தவரு. ஏறுன வருமானம் யாரு கையில இருந்துச்சு? வெளிநாட்டு பேங்குல. சீன அதிகாரியோட சேந்து டேனும் கையெழுத்து போட்டா தான் பணம் வெளிய வரும். கடன் வந்ததுனால தான் ஜூலைல தெற்கு மாகாணங்க எழுந்தப்ப யுவான் அவ்ளோ சீக்கிரமா நசுக்க முடிஞ்சுது. தேர்தல்ல ஜெயிச்ச கட்சியோட தலைவர் சோங் ஜியாவ்ரென்னை மார்ச்ல ஷாங்காய் ஸ்டேஷன்ல சுட்டுக் கொன்னாங்க, அடுத்த மாசமே இந்த கடன். அமெரிக்க ஜனாதிபதி வில்சனே இது சீனாவோட நிர்வாக சுதந்திரத்துல கை வைக்குதுன்னு சொல்லி தன் நாட்டு பேங்குகளுக்கு ஆதரவு தர மாட்டேன்னுட்டாரு.

துறைமுகம்:
உப்பை மட்டும் பேசுறீங்க, சுங்கத்தை விட்டுட்டீங்களே. அபின் போர்ல தோத்து பிரிட்டனோட போட்ட 1842 நாஞ்சிங் ஒப்பந்தத்துக்கு அப்புறம் இறக்குமதி வரி சுமார் 5 சதவீதத்துலயே கட்டிப் போட்டாச்சு. அதுவும் 1858 விலைக்கு போட்ட வரி, 1902 வரைக்கும் மாத்தல, அதனால விலை ஏற ஏற உண்மையான வரி 5க்கும் கீழ போயிடுச்சு. பிரிட்டனோட போட்ட 1902 மெக்கே ஒப்பந்தத்துல லிகினை எடுத்தா 12.5 வரைக்கும் ஏத்திக்கலாம்னாங்க, மத்த நாடுகளும் ஒத்துக்கணும்னு ஒரு கண்டிஷன் வச்சாங்க, கடைசில நடக்கவே இல்ல. சுங்க வரியை ஏத்த விடாம வச்சிருந்தா அரசாங்கம் எங்க போகும், உப்பு தின்கிற ஏழை தலையில தான் கை வைக்கும்.

கணக்கன்:
சரி, அப்ப 1928க்கு அப்புறம் நாஞ்சிங்கை தலைநகரா வச்ச புது அரசாங்கத்துல நிதி அமைச்சர் டி.வி. சூங், டேன் நடத்துன அந்த உப்பு இலாகாவை ஏன் கலைக்காம வச்சிருந்தாரு? அந்த வசூல் முறை வேலை செஞ்சதுனால தானே?

சோழன்72:
வச்சிருந்தாரு, ஆனா நிதி அமைச்சகத்துக்கு கீழ கொண்டு வந்து, கடன் கட்டுற பொறுப்பையும் அமைச்சகமே எடுத்துக்கிச்சு. வசூல் பண்ற ஆளுங்க திறமை மேல எனக்கு எந்த பிரச்சனையும் இல்ல. சீனாக்காரன் கட்டுன வரியை எடுத்து செலவு பண்ண லண்டன்லேந்து வந்தவன் கையெழுத்து எதுக்குங்கறது தான் 1913லேந்தே கேள்வி, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.