முன்பல் எடுத்தால் தாடை எலும்பு கரையுமாம்: வேர்ச்சில்லை விட்டு வைப்பதா, எலும்புப் பொடி நிரப்புவதா?

கரூர் டீச்சர்:

வணக்கம். வயது 38, அரசுப் பள்ளி ஆசிரியை. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களில் இடப்பக்கத்துப் பல்தான் பிரச்சினை. கல்லூரிக் காலத்தில் வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டது. அப்போதே வேர் சிகிச்சை செய்து, உள்ளே உலோகக் கம்பி வைத்து, கேப் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. போன தீபாவளிக்கு முறுக்கு கடிக்கும்போது டிக்கென்று ஒரு சத்தம். அப்புறம் அந்தப் பல்லுக்கு மேலே, உதட்டைத் தூக்கினால் தெரிகிற இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம். அமுக்கினால் சீழ் வரும், வற்றும், மறுபடி வரும்.

இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். வேர் விரிசல் விட்டிருக்கிறது, பல்லை எடுக்கத்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எடுத்தபின் என்ன செய்வது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். முதல் டாக்டர், பல்லை முழுதாக எடுக்காமல் உதட்டுப் பக்கம் வேரின் மெல்லிய சில்லை விட்டுவிட்டு, பின்னால் அன்றைக்கே இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு போலப் பதிக்கும் செயற்கை வேர்) வைக்கலாம் என்கிறார். சாக்கெட் ஷீல்டு என்று பெயராம். இரண்டாமவர், முழுதாக எடுத்துக் குழியில் எலும்புப் பொடி நிரப்பி, நான்கைந்து மாதம் கழித்து இம்ப்ளான்ட் என்கிறார். நான் சிரித்தால் ஈறு நன்றாகவே தெரியும். அந்த இடம் குழிவிழுந்து போய்விடுமோ என்பதுதான் பயம். எந்த முறையில் எலும்பு நிற்கும்? பல் போனால் எலும்பு ஏன் கரைகிறது?

கோவை அன்பரசு:

டீச்சரம்மா, நான் மருத்துவர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் எடுத்தாகிவிட்டது. வலது பக்கம் எடுத்தது மில்லில் வேலை பார்த்த காலத்தில். பிடுங்கிப் பஞ்சு வைத்து அனுப்பினார்கள், எலும்பைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பிற்பாடு இம்ப்ளான்ட் கேட்டுப் போனபோது ஸ்கேனில் அந்த இடம் கத்தி முனை மாதிரி ஒடுங்கியிருந்தது. முதலில் எலும்பை வளர்க்கத் தனியாக ஒரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். செலவைக் கேட்டு விட்டுவிட்டேன்.

இடது பக்கம் எடுக்கும்போது இன்னொரு டாக்டர் அப்போதே பொடி நிரப்பி, மேலே வெள்ளையாக டெஃப்லான் தாள் ஒன்றை வைத்துத் தைத்தார். ஈறு முழுதாக மூடவில்லை, தாள் வெளியே தெரிந்தது. பதறிப்போய் ஃபோன் செய்தேன். அது அப்படித்தான் இருக்கும், சுமார் ஒரு மாதத்தில் உருவிவிடலாம் என்றார். உருவும்போது வலிக்கவே இல்லை, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை. முதல் வாரம் மட்டும் உப்பு மாதிரி இரண்டொரு துகள் நாக்கில் பட்டது. இப்போது அங்கே இம்ப்ளான்ட் நிற்கிறது, கடலைமிட்டாய் கூடக் கடிக்கிறேன். முன்பல் கணக்கு வேறாக இருக்கலாம், டாக்டர்கள் சொல்லட்டும்.

டாக்டர் மீனா, மதுரை (ஈறு மருத்துவம்):

டீச்சர், ஏன் கரைகிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் மீதி தானாகப் புரியும்.

பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் நார்நாராக ஒரு தசைநார் இருக்கிறது. அந்த நார்கள் போய்ப் பதியும் மெல்லிய எலும்புப் படலம், பல் இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். பல்லும் நாரும் போனால் அதற்கு வேலையும் இல்லை, அந்த வழியாக வந்த ரத்த ஓட்டமும் இல்லை. மேல் முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ. கூட இருக்காது. அதாவது அந்தச் சுவரே கிட்டத்தட்ட முழுக்க இந்தப் படலம்தான். 2005-இல் அராவுஹோவும் லிண்டேயும் நாய்களில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மனிதர்களில், ஷ்ரோப் குழு 2003-இல் கடைவாய், முன்கடைவாய்ப் பற்கள் எடுத்த இடங்களை அளந்தார்கள்: ஒரு வருடத்தில் அகலத்தில் பாதி போய்விட்டது, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. அன்பரசு ஐயாவின் வலது பக்கத்துக்கு நடந்தது இதுதான்.

முன்பல்லுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஷப்புயி குழு 2013-இல் பார்த்தது: சுவர் 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் உயரத்தில் 7.5 மி.மீ. போயிருந்தது. தடித்த சுவர் உள்ளவர்களுக்கு 1 மி.மீ. சுற்றித்தான். இரண்டுமே இடைநிலை அளவுகள், அதாவது பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு. எனவே எந்த முறை நல்லது என்று கேட்கும் முன், உங்கள் சுவர் எவ்வளவு தடிமன், அது முழுசாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இனி முறைகள். எலும்புப் பொடி அந்தச் சுவரைக் காப்பாற்றுவதில்லை. சுவர் கரைந்தாலும் இடம் சரிந்துவிடாமல் உள்ளே முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் விடுவதை விட அகலத்திலும் உயரத்திலும் சராசரியாக ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் மிச்சமாகிறது. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைச் சொல்லிவிட்டு, ஆதாரம் வலுவானதல்ல என்றும் சேர்த்தே சொல்கிறது. சிரித்தால் ஈறு தெரிகிறவருக்கு அந்த ஒரு மி.மீ. பெரிய விஷயம். அன்றைக்கே இம்ப்ளான்ட் வைத்தால் எலும்பு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி அந்த நார் கிடையாது, ஆகவே அது மட்டும் சுவரைத் தாங்காது.

சாக்கெட் ஷீல்டு இங்கேதான் வேறுபடுகிறது. ஹுர்ஸெலர் 2010-இல் வெளியிட்ட யோசனை: உதட்டுப் பக்க வேர்ச்சில்லை நாரோடு விட்டுவிட்டால் படலத்துக்குப் பல் போனதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த முறை. சரியான ஆளுக்குச் செய்தால் ஈறின் வளைவு அப்படியே நிற்கும். ஆனால் கை மிகவும் பழகியிருக்க வேண்டும். வேரை நீளவாக்கில் பிளந்து, உள்பக்கத் துண்டை மட்டும் உருவி, சில்லை இம்மியும் அசைக்காமல் தேய்த்து மெல்லிதாக்க வேண்டும். க்ளக்மன் குழு 2018-இல் வெளியிட்ட 128 பேரின் தொகுப்பில் 5 இம்ப்ளான்ட் போயின, 25 பேருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்தது. பெரும்பாலானவை சமாளிக்கக் கூடியவைதான்.

உங்கள் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. விட்டு வைக்கும் சில்லு விரிசலில்லாமல், சீழில்லாமல், ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். உங்களுக்குக் கொப்புளம் வந்திருப்பது உதட்டுப் பக்கம். வேர் நீளவாக்கில் விரிந்தால் அந்த விரிசலை ஒட்டியே எலும்பு அரித்துப் போவது வழக்கம். விரிசல் விட்ட சில்லை உள்ளே விட்டால் கிருமியையும் உள்ளேயே விட்டது போலத்தான். ஈறின் ஓரத்தில் மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்த்தார்களா? ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கினால் விரிசல் அந்தப் பக்கம்தான். சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்திருந்தாலும் உள்ளே உலோகக் கம்பி இருப்பதால் கீற்றுக் கீற்றாக நிழல் விழுந்து விரிசலை மறைக்கும். ஆனால் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று ஓரளவு தெரியும்.

திருச்சி செந்தில் (முகத்தாடை அறுவை மருத்துவர்):

மீனா டாக்டர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம். ஒன்று சேர்க்கிறேன். சீழ் உள்ள குழியில் அன்றைக்கே பொடி போடுவது எனக்குப் பிடிக்காது. பல்லை அலுங்காமல் எடுத்து, நன்றாகச் சுரண்டிக் கழுவி, ஆறிலிருந்து எட்டு வாரம் விட்டால் ஈறு மூடிவிடும், கிருமியும் அடங்கிவிடும். அதன்பின் இம்ப்ளான்ட் வைக்கும்போதே உதட்டுப் பக்கம் பொடியும், அதை மூடும் மெல்லிய தாளான மெம்பரேனும் வைத்து வடிவம் கொடுக்கலாம். பெர்னில் பூசர் குழு வெகுகாலமாகச் செய்துவருவது இதுதான்.

சகோதரி, இன்னொன்று. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி வைக்கும் பிஆர்எஃப் பற்றியும் யாராவது சொல்வார்கள். புண் சீக்கிரம் ஆறும், வலி குறையும். ஆனால் எலும்பின் அகலத்தைத் தாங்க அதை மட்டும் நம்ப வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்றால் பல் எடுக்கும் முன்பே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கரூர் டீச்சர்:

இருவருக்கும் நன்றி டாக்டர். அந்த மாதிரி மருந்து எதுவும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அளவுகோல் விட்டுப் பார்த்தது இரண்டாவது டாக்டர்தான். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் சடாரென்று இறங்கியது, எனக்கே தெரிந்தது. ஒரு சந்தேகம். அந்தப் பொடி மாட்டு எலும்பு என்கிறார்கள். வீட்டில் மாமியார் சைவம், எனக்கும் மனம் ஒப்பவில்லை. எடுத்த பல்லையே அரைத்து வைக்கலாமாமே?

டாக்டர் மீனா, மதுரை:

அப்படியென்றால் சாக்கெட் ஷீல்டை நான் விட்டுவிடுவேன். முதல் டாக்டரிடம் இந்த அளவைச் சொல்லுங்கள், அவரும் மறுபடி யோசிக்க வாய்ப்புண்டு.

அதிகம் புழங்குவது மாட்டு எலும்பிலிருந்து வருவதுதான். கரிமப் பொருளை நீக்கி, தாதுவை மட்டும் வைத்திருப்பார்கள். மனதுக்கு ஒப்பாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார். ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொடிகள் இருக்கின்றன. அவை சீக்கிரம் கரையக்கூடியவை, அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். மெம்பரேனையும் சேர்த்துக் கேளுங்கள், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கரையும் கொலாஜன் மெம்பரேன் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருவது. அன்பரசு ஐயாவுக்கு வைத்த டெஃப்லான் தாள் செயற்கை.

பல்லை அரைத்து வைப்பது உண்மையான முறைதான். ஆனால் வேர் சிகிச்சை செய்து, கம்பி வைத்து, சீழும் பிடித்த பல்லை அரைப்பதை நான் தவிர்ப்பேன். உங்கள் பல்லில் அரைக்கப் பொருளும் அதிகம் மிஞ்சியிருக்காது.

உடனே நிரப்புவதா, செந்தில் டாக்டர் சொன்னபடி காத்திருப்பதா என்பது பல் வெளியே வந்து, சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். இரண்டுக்கும் தயாராக இருக்கும் டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள். ஈறைக் கிழித்துத் திறக்காமல், குறடால் ஆட்டி இழுக்காமல், மெல்லிய கருவியால் நாரை அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். வகுப்புக்குப் போக தற்காலிகப் பல் கட்டுவார்கள். அதன் அடிப்பகுதி ஈறை அழுத்தாமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பற்களில் ஒட்டுகிற வகை கிடைத்தால் அதையே கேளுங்கள், கழற்றி மாட்டுகிற செட்டு வேண்டாம்.