பக்கெல்ஸ்தான் 'எச்' என்றால் எப்படி நம்புவது? ('லைன் ஆஃப் டியூட்டி' ஆறாவது சீசன் முடிவு)

மாலதி ர.
மே 3, 2021

நேற்று இரவு பிபிசி ஒன் சேனலில் 'லைன் ஆஃப் டியூட்டி' ஆறாவது சீசனின் ஏழாவது எபிசோட் முடிந்தது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், கீழே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போலீசுக்குள் நடக்கும் ஊழலை விசாரிக்கும் ஏசி-12 என்ற பிரிவின் கதை இது. மூன்றாவது சீசனின் கடைசியில், குற்றக் கும்பலுக்கு வேலை செய்த போலீஸ்காரன் டாட் காட்டன் செத்துக்கொண்டே காட்டிக்கொடுத்த ஆளுக்குத்தான் 'எச்' என்று பெயர். 2019-இல், இல்லை, அவன் விரலால் தட்டியது மோர்ஸ் குறி, அதில் 'எச்' எழுத்துக்கு நான்கு புள்ளி, நான்கு புள்ளி என்றால் போலீசுக்குள் நான்கு பேர் என்று கதையைத் திருப்பினார்கள். மூன்று பேர் தெரிந்துபோனார்கள். நான்காவது ஆளுக்காக இரண்டு வருடம் காத்திருந்தோம்.

ஏசி-12 விசாரணை நடத்தும் கண்ணாடி அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தது யாரை? போலீஸ் அதிகாரி இயன் பக்கெல்ஸை! ஒரு வழக்கைக்கூட உருப்படியாக நடத்தத் தெரியாத மனிதர். கும்பலுக்கு அனுப்பிய செய்திகளில் 'டெஃபினிட்லி' என்ற சொல்லைத் தப்பான எழுத்துக்கூட்டலில் எழுதி மாட்டிக்கொள்கிறார். இதை எழுதிய ஜெட் மெர்குரியோ எங்களை ஏமாற்றிவிட்டார் என்பதுதான் என் கட்சி.

நைட்ஷிஃப்ட்
மே 3, 2021

ஏமாற்றவில்லை மாலதி. நீங்கள் எதிர்பார்த்த ஆள் வரவில்லை, அவ்வளவுதான். இருட்டு அறையில் உட்கார்ந்து எல்லாக் கயிறுகளையும் இழுக்கும் தலைவன் வேண்டும் என்று நினைத்தீர்கள். அப்படி ஒருவன் இருந்தால் அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

பக்கெல்ஸ் செய்த வேலை என்ன? கும்பல் சொல்வதைப் போலீசுக்குள் இருக்கும் ஆட்களுக்குக் கடத்துவது. அதற்கு மூளை வேண்டாம், பதவி போதும். முதல் சீசனிலேயே வந்தார், நான்காவதிலும் தலைகாட்டினார், ஒவ்வொரு முறையும் மேலே போய்க்கொண்டே இருந்தார். 'சரியான மக்கு' என்று எல்லோரும் சிரித்ததால்தான் யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. விசாரணையில் அவரே அதைச் சொல்லிக் காட்டுகிறார், உங்களைத்தான் முட்டாளாக்கினேன் என்று. எனக்கு அந்த இடம் பிரமாதம்.

மாலதி ர.
மே 3, 2021

கருத்து நல்ல கருத்துதான். ஆனால் அந்தக் கருத்தைச் சொல்பவர், வருடக்கணக்காக 'யார் அது, யார் அது' என்று எங்களை உசுப்பிவிட்டிருக்கக் கூடாது. இதே சீசனில் ஜேம்ஸ் நெஸ்பிட் மாதிரி பெரிய நடிகரை வெறும் போட்டோவாகக் காட்டி, அடுத்து பிணமாகக் காட்டினார்கள். அது மர்மக்கதைக்காரன் செய்யும் வித்தை. வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு, கடைசியில் 'யார் என்பதா முக்கியம்?' என்று பாடம் நடத்தினால் எப்படி? நேற்று 1.28 கோடிப் பேர் உட்கார்ந்து பார்த்தது பாடம் கேட்பதற்கா?

கிழக்கு லண்டன் குமார்
மே 4, 2021

நீங்கள் இருவரும் பக்கெல்ஸிடமே சிக்கிக்கொண்டீர்கள். எனக்கு உறுத்துவது பிலிப் ஆஸ்போர்ன்.

2012-இல் வந்த முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கையில் வீடு மாறிப் புகுந்து ஓர் அப்பாவியைச் சுட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பொய் சொல்ல வேண்டும் என்கிறார் அந்தக் குழுவின் மேலதிகாரி. ஸ்டீவ் ஆர்னாட் மறுக்கிறான், அதனால்தான் ஏசி-12-க்கு வந்து சேர்கிறான். அந்த மேலதிகாரிதான் ஆஸ்போர்ன். இந்த சீசனில் அவர் சீஃப் கான்ஸ்டபிள், அதாவது காவல் படைக்கே தலைவர்! இனவெறிக் கும்பலால் தாக்கப்பட்டு போலீஸ் காவலில் இறந்த லாரன்ஸ் கிறிஸ்டஃபரின் வழக்கைக் குழப்பிய பழைய அணியில் அவரும் இருந்தார், பக்கெல்ஸும் இருந்தார். இப்போது டிவியில் தோன்றி, நிறுவன அளவில் ஊழல் எதுவும் இல்லை என்கிறார். கடைசி எபிசோட் முடிந்த பிறகும் நாற்காலியில் இருக்கிறார்.

(லாரன்ஸ் கிறிஸ்டஃபர் என்ற பெயரைக் கேட்டதுமே இங்கே இருப்பவர்களுக்கு 1993-இல் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸும், 1998-இல் ஹல் காவல் நிலையத்தில் உயிர்விட்ட கிறிஸ்டஃபர் ஆல்டரும் நினைவுக்கு வந்திருப்பார்கள்.)

மாலதி ர.
மே 4, 2021

குமார், நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள், தெரிகிறதா? பெரிய ஆள் ஆஸ்போர்ன் என்றால் அவரை அல்லவா அந்தக் கண்ணாடி அறைக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்? டேப் ரெக்கார்டரின் அந்த நீண்ட 'பீப்' சத்தத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எத்தனை ஆசையாக இருந்தது! இவர்களோ அவரைத் தொடவே இல்லை. ஏசி-12-இன் அதிகாரம் இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கடைசியில் திரையில் எழுத்து ஓடுகிறது. முக்கியமான விஷயத்தை எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மக்குப் பக்கெல்ஸைக் காட்டினார்கள்.

பழைய ரேடியோ
மே 5, 2021

ஏசி-12-இன் தலைவர் ஹேஸ்டிங்ஸை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? கும்பலுக்குள் ஒரு போலீஸ் உளவாளி இருக்கிறான் என்பதைச் சிறையில் இருக்கும் ஆளிடம் கோடிகாட்டியது அவர்தான். அதனால்தான் அந்த உளவாளி ஜான் கார்பெட்டின் கழுத்து அறுபட்டது. அப்புறம் கார்பெட்டின் மனைவி ஸ்டெஃபுக்கு 50,000 பவுண்ட் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஆறு சீசனாக நேர்மை, நாணயம் என்று முழங்கிய மனிதர். நான்காவது ஆள் யார் என்று நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள், எனக்கு ஐந்தாவது ஆள் கண்ணெதிரே தெரிகிறார்.

நைட்ஷிஃப்ட்
மே 5, 2021

அநியாயம் ஐயா. கோபத்தில் செய்த தப்பும் மாதச் சம்பளம்போல் வாங்கிக்கொண்டு செய்த துரோகமும் ஒன்றா? அதுவும் இந்த எபிசோடில் அவரே ஊழல் தடுப்பு மேலதிகாரி கார்மைக்கேலிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

கிழக்கு லண்டன் குமார்
ஜூன் 16, 2021

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும், காரணம் இருக்கிறது. டேனியல் மார்கன் விசாரணைக் குழுவின் அறிக்கை நேற்று வந்தது. 1987 மார்ச் 10 அன்று தென்கிழக்கு லண்டனின் சிடன்ஹம் பகுதியில், ஒரு பப்பின் கார் நிறுத்துமிடத்தில் கோடாரியால் கொல்லப்பட்ட தனியார் துப்பறிவாளர் அவர். 34 ஆண்டுகளாகியும் அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. நூவாலா ஓலோன் தலைமையிலான குழு 2013-இல் அமைந்தது. மே மாதமே வந்திருக்க வேண்டிய அறிக்கை, உள்துறை அமைச்சர் ப்ரீத்தி படேல் முதலில் தான் பார்க்க வேண்டும் என்றதால் தள்ளிப்போனது.

கொலை நடந்த இடத்தைக்கூட ஒழுங்காகப் பாதுகாக்கவில்லை, சோதிக்கவும் இல்லை என்கிறது அறிக்கை. அதைவிடப் பெரிய அடி வேறு. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கத் தவறுகளை மறைப்பதும் மறுப்பதும் நேர்மையின்மை, அதுவே நிறுவன ஊழல் என்று சொல்லி, லண்டன் மாநகரப் போலீஸ்மீது அந்தக் குற்றத்தைச் சுமத்துகிறது. அந்தப் போலீசின் ஆணையர் கிரெசிடா டிக் அதை ஏற்கவில்லை. ஆஸ்போர்ன் டிவியில் பேசிய காட்சி எழுதப்பட்டது இதற்கு முன்னால் என்பதைக் கவனியுங்கள்.

நைட்ஷிஃப்ட்
ஜூன் 16, 2021

இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன். வில்லன் தலைவன் யாரும் தேவையில்லை. அவரவர் தன் துறையின் பெயரைக் காப்பாற்றினாலே ஒரு கொலை வழக்கு 34 வருடம் நாறும்.

மாலதி ர.
ஜூன் 16, 2021

அறிக்கையை உங்களுக்குச் சாதகமாக வளைக்காதீர்கள். காசு வாங்கிய போலீஸ்காரர்களும் அந்த வழக்கின் கதையில் உண்டு, அதை விட்டுவிட்டீர்கள். மறைத்தது மேலிடம் என்றுதான் அந்த வரையறை சொல்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் வெறும் மந்தபுத்தியால் செய்தது என்று சொல்லவில்லை. நாடகம் அந்த மேலிடத்தைக் காட்டிவிட்டு, பயந்து பக்கெல்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டது. நிஜத்தில் எட்டு வருடம் உட்கார்ந்து ஒரு குழு எழுதியதை, கற்பனையில் எழுத மெர்குரியோவுக்கு என்ன தயக்கம்?

கிழக்கு லண்டன் குமார்
ஜூன் 17, 2021

தயக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்போர்னைக் கைது செய்திருந்தால் நீங்கள் கைதட்டிவிட்டு டிவியை அணைத்திருப்பீர்கள். இப்போது ஆறு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ரேடியோ
ஜூன் 17, 2021

நான் கேட்டதை யாரும் தொடவில்லை. மறைப்பதுதான் ஊழல் என்று ஓலோன் குழு சொல்கிறது என்றால், இரண்டு வருடம் மறைத்த ஹேஸ்டிங்ஸும் அதில் வருகிறாரா இல்லையா?

நைட்ஷிஃப்ட்
ஜூன் 17, 2021

வருகிறார். ஆனால் கடைசியில் தானாகப் போய்ச் சொன்னார். ஆஸ்போர்ன் சொன்னாரா?

பழைய ரேடியோ
ஜூன் 17, 2021

யாரிடம் சொன்னார்? கார்மைக்கேலிடம். ஸ்டெஃபுக்குக் கிடைத்தது பணம்தான்.